மச்சான் பதித்த கறுப்புக் கல்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. செல்லூரில் விசைத்தறிச் சத்தத்துக்குள் வளர்ந்தவன். சத்தம் நின்றால்தான் திடுக்கிட்டு எழுவேன். அந்தச் சித்திரையில் திருவாதவூரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அடிக்கடி பைக்கில் ஓடினேன். அவள் மூன்றாவது முறையாக உண்டாகியிருந்தாள். முதல் இரண்டும் தங்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்கவும் முடியாது, பார்த்தால் அங்கே நிற்கவும் முடியாது.

மச்சானுக்கு மேலூரில் கிரானைட் பாலிஷ் போடும் பட்டறையில் வேலை. புது வீட்டின் முன்சுவரில் தரையிலிருந்து ஆள் உயரத்துக்குக் கறுப்புக் கல் பதித்திருந்தார். "முகம் பாத்துத் தலை சீவலாம் மாப்ள" என்று என்னிடமே பலமுறை சொல்லிவிட்டார்.

அக்காவுக்கு நாள் தள்ளிப்போன வாரம்தான் ஓர் ஆண் மயில் வயலிலிருந்து வந்து அந்தக் கல்லைக் கொத்த ஆரம்பித்ததாம். காலையில் டொக் டொக் என்று சத்தம். "முருகன்தான் தட்டுறான்" என்றார் அக்காவின் மாமியார். கல்லுக்கு விபூதிப் பட்டை விழுந்தது, செவ்வரளி மாலை ஏறியது. தெருவே வந்து கும்பிட்டது. அக்கா தினமும் பச்சரிசி வைத்தாள். மயில் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கோழிகள்தான் கொழுத்தன.

நான் முதலில் பார்த்த அன்று அது தோகையை விரித்துப் பக்கவாட்டில் நடந்தது. திடீரென்று எம்பிக் கல்லை உதைத்தது. பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடி எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து என் பைக் கண்ணாடியைக் கொத்தத் தொடங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

அது இணை தேடும் காலம். இன்னோர் ஆண் மயில் கண்ணில் பட்டால் அதற்குப் பொறுக்காது. கல்லுக்குள்ளே இருந்தவனோ, அடித்தால் திருப்பி அடிக்கிறான், எத்தனை அடித்தாலும் ஓடமாட்டேன் என்கிறான். பாவம், சோறு தண்ணி மறந்து தன்னோடு தானே மல்லுக்கு நின்றது.

மச்சானைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். "பேசாம இரு மாப்ள. இப்பதான் அவ ராத்திரி தூங்குறா" என்றார். அதுவும் நியாயம்தான். மயில் போனால் வயிற்றில் இருப்பதும் போய்விடும் என்று அக்கா பயந்துகொண்டிருந்தாள். எனக்குத்தான் தூக்கம் போயிற்று. தறிகளுக்கு நடுவிலும் அந்த டொக் டொக் கேட்டது.

வைகாசியில் ஒரு நாள் மயில் நொண்டிக்கொண்டு வந்தது. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கல்லில் ரத்தம்.

"ஏன் தம்பி, சாமி வாகனத்துக்கு இப்புடி அடிபடுது?" என்றாள் அக்கா.

என்னால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கை வயிற்றுக்குப் போனது.

"அப்ப எனக்காக வரலையா?"

"இல்லக்கா."

கொஞ்ச நேரம் மயிலையே பார்த்தாள். பிறகு வெள்ளையடித்து மிச்சம் வைத்திருந்த சுண்ணாம்பு வாளியை எடுத்து வந்தாள். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, மட்டையால் கல் முழுவதும் பூசினாள். மாமியார் சாமி குத்தம் என்று புலம்பினார். நான் அன்று செல்லூர் திரும்பவில்லை.

மறுநாள் காலையில் மயில் வந்தது. வெள்ளைச் சுவரைத் தலை சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. வழக்கம்போலப் பின்பக்கமும் போய்ப் பார்த்தது. அப்புறம் கோழிகளை விலக்கிவிட்டு அரிசியைத் தின்றது. "இம்புட்டுப் பசியா உனக்கு" என்றாள் அக்கா. அதன்பின் அது வரவில்லை. நான் மட்டும் முன்னைவிட அதிகமாக அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

தை மாதம் பெண் பிறந்தது. சொந்தக்காரர்கள் வருவார்கள் என்று மச்சான் கல்லின் மேலிருந்த சுண்ணாம்பைக் கழுவத் தண்ணீர்க் குழாயை இழுத்தார். அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"கழுவாதீக. சித்திரைக்கு அது திரும்பத் தோகையோட வரும்."