சுவிட்சுக்குக் கீழே செருப்பு

பல வருடம் கழித்து ஏசுராஜை அடக்கம் செய்த அன்றும் ஒருவர், அவர் கால் போன கதையைச் சொல்லி, "பாவம், கவனமா இருந்திருக்கலாம்" என்றார். அது பொய்.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில், மோட்டாரில் சுழலும் பெரிய மர டிரம்முக்குள் ஏறி, ஊறிய தோல்களை வெளியே இழுத்துப் போடுவது அவர் வேலை. உள்ளே போகிறவன் தன் செருப்பைச் சுவிட்சுக்குக் கீழே விட வேண்டும். செருப்பு கிடந்தால் யாரும் சுவிட்சைப் போடக்கூடாது. கம்பெனி உத்தரவு அது. செருப்பு இல்லாதவர்கள் குரல் கொடுத்துவிட்டு ஏறுவார்கள். ஏசுராஜுக்குச் செருப்பு கிடையாது.

1956இல் ஒரு நாள் அவர் கொடுத்த குரல், பக்கத்து டிரம்மின் இரைச்சலில் சுவிட்சருகே நின்ற புது ஆளுக்குக் கேட்கவில்லை. அவன் கீழே பார்த்தான். செருப்பு இல்லை. சுவிட்சைப் போட்டான். சுழன்ற டிரம்மின் கதவுக்கும் அதைத் தாங்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே சிக்கிய வலது காலை, வேலூர் ஆஸ்பத்திரியில் முழங்காலோடு எடுத்தார்கள்.

மேனேஜர் சுப்பராயன் ஆப்பிளோடு பார்க்க வந்தார்.

"ஏசு, வேணும்னே உத்தரவை மீறிட்டேன்னு ஒரு கையெழுத்து போடு. கேட்ல வாட்ச்மேன் வேலை ரெடி. ஒக்காந்தே சம்பளம்பா."

"நஷ்டஈடு?"

"ரெண்டும் எப்டிப்பா?"

தொழிலாளி அசந்திருந்தால்கூடச் சட்டப்படி நஷ்டஈடு உண்டு. பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறியிருந்தால்தான் கிடையாது. கம்பெனிக்கு அந்த 'வேணும்னே' தேவைப்பட்டது.

"போட்டுக் குடுத்துடுய்யா," என்று மனைவி சாரா அழுதாள். "கால் திரும்பி வரப்போவுதா?"

"வேணும்னே எவனாச்சும் காலைக் குடுப்பானாடி? போ, அந்த ஆப்பிளையும் எடுத்துக் குடுத்துட்டு வா."

ஏசுராஜ் நஷ்டஈடு கேட்டுப் போட்ட மனுவின் விசாரணையில் கம்பெனி வக்கீல் கேட்டார்: "செருப்பை ஏன் வைக்கவில்லை?"

"இருந்தாதானே சார் வைக்க?"

"இல்லாதவன் ஏன் ஏறினாய்?"

"ஏறலன்னா கூலி ஏது? செருப்பு இல்லன்னு எவனையாச்சும் திருப்பி அனுப்பினாரான்னு மேனேஜரைக் கேளுங்க."

விசாரித்த அதிகாரி கேட்டார். "இல்லை" என்றார் சுப்பராயன்.

கம்பெனியே அமல்படுத்தாத உத்தரவைத் தொழிலாளி மீறியதாகச் சொல்ல முடியாது என்று தீர்ப்பானது. நஷ்டஈடு கிடைத்தது. வாட்ச்மேன் வேலை போயிற்று.

மறு வாரம் ஏசுராஜ் ஊன்றுகோலோடு கேட்டுக்கு வந்தார்.

"அதான் ஜெயிச்சிட்டியே, இன்னும் இன்னா பேஜாரு?" என்றார் சுப்பராயன்.

"சுவிட்சுக்குப் பூட்டு போடுங்க சார். சாவி உள்ள போறவன் இடுப்புல இருக்கட்டும்."

"போய்யா."

அவர் போகவில்லை. தினமும் ஷிப்டு தொடங்கும்போது வாசலில் நின்று, டிரம் ஆட்களை மறித்து, "சுவிட்சுகிட்ட இன்னைக்கு யாரு?" என்று கேட்டே உள்ளே விட்டார். வாட்ச்மேன் விரட்டினான்.

"ரோடு கவர்மெண்டுதுப்பா," என்று ஊன்றுகோலை மாற்றி ஊன்றிக்கொண்டார்.

கம்பெனி சுவிட்சுக்குப் பூட்டு மாட்டிய பிறகுதான் வீட்டில் உட்கார்ந்தார்.