இரண்டு சட்டிக் கறி

நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்: வாழ்நாளில் ஒருவரைத் தவிர வேறெவர் மீதும் உங்கள் மனம் போனதே இல்லையா? போகவில்லை என்பவர்களே எங்கள் ஊர் முரசுமோட்டை ராஜினியைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

2009 மாசியில், இறுதிப் போரின் நடுவே, மாத்தளன் கடற்கரையில் ஒரு பங்கர்க் குழிக்குள், ராஜினியின் நாலு வயது மகள் வினோஜா அழவும் பலமில்லாமல் கிடந்தாள். கணவர் குகதாசன் வெளியே போய் ஒரு பால்மாப் பெட்டியுடன் திரும்பினார். "நிவாரணத்தில தந்தவங்கள்" என்றார். உண்மையில் தன் கலியாணக் கைக்கடிகாரத்தைக் கொடுத்து வாங்கியிருந்தார். மனைவி வருந்துவார் என்று மறைத்தார்.

சில வாரங்களில் அவர் காணாமற் போனார். போர் முடிந்தபின் அகதி முகாமில் ஒருவர், எரிந்த உடலொன்றிலிருந்து கழற்றியதாக ஒரு கடிகாரத்தைக் கொண்டுவந்தார். அதன் பின்புறத்தில் இருவர் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன. அதை நம்பி அந்தியேட்டிக் கிரியையும் செய்து முடித்தார்கள்.

ஊர் திரும்பியபோது, போரில் குடும்பத்தையே இழந்த பக்கத்துக் காணி நல்லதம்பி, ராஜினியின் வயலையும் சேர்த்து உழுதார். வினோஜாவைச் சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோனார். இரண்டு வருடத்தின் பின் ராஜினிக்குத் தாலி கட்டினார்.

2014 ஐப்பசியில், எந்தப் பட்டியலிலும் பெயரின்றித் தடுத்து வைக்கப்பட்டிருந்த குகதாசன் ஒரு காலை இழுத்தபடி வீட்டுப் படலையில் வந்து நின்றார்.

நல்லதம்பி உள்ளே போய்த் தன் சேட்டுகளை உரப்பையில் அடைத்தார். அதைக் கண்ட குகதாசன் திரும்பி, வந்த ஒழுங்கை வழியே நடக்கத் தொடங்கினார். ராஜினி முற்றத்தில் இறங்கினார்.

"ஒருத்தரும் வெளிக்கிட வேண்டாம். சோறு வடிச்சிட்டன். ரெண்டு பேரும் வந்து இருங்கோ."

அன்றிலிருந்து குகதாசன் அதே வளவில் தகரக் கொட்டிலில் இருக்கிறார். சமைக்கும் குசினி ஒன்றுதான்.

ஒரே துணையோடு வாழ்வது மனிதருக்கு இயல்பா என்று, பள்ளி ஆசிரியனான நான் நிறையப் படித்திருக்கிறேன். சோடியாகக் கூடு கட்டும் பறவைகளின் முட்டைகளிற்கூட வேறு தந்தையின் குஞ்சுகள் இருக்குமாம். அந்தப் படிப்பையெல்லாம் வைத்துக்கொண்டு போன மாதம் ராஜினியிடம் போனேன்.

"மாஸ்டர், அறைக்குள்ள எட்டிப் பாக்கிற கேள்வியெண்டால் கேளாதேங்கோ" என்று சிரித்தார். "இவருக்கு உறைப்பில்லாமல் சோறு இறங்காது. கொட்டில்ல இருக்கிற அவருக்கு வயித்தில புண். பன்ரண்டு வருசமா ரெண்டு சட்டி கறி வைக்கிறன். அதுக்கு ஆரும் பட்டம் தந்தவையோ?"

"ஆரில கூடுதலா விருப்பம்?" என்று கேட்டேன்.

அரிசியைக் களைந்து உலையில் இட்டார்.

"அவர் வந்து நிண்ட அண்டைக்கு, இவரில இருந்தது குறையும் எண்டு பாத்தனான். குறையேல்லை. எனக்கே பயமாக் கிடந்தது."

நான் படித்த எந்தப் பக்கத்திலும் அந்தப் பயம் இல்லை.

இப்போது வினோஜாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை சுஜிதனின் மாமி இராசேஸ்வரி ஓமந்தையிலிருந்து வந்து சொன்னார்: "கலியாணத்துக்கு முன்னம் ஒராளை எங்கயாவது அனுப்பிப்போடுங்கோ பிள்ளை. தாரைவார்க்க ஒரு தகப்பன்தான் நிக்கலாம்."

"எந்தத் தகப்பனை மாமி? பால்மா வாங்கினவரையோ, சைக்கிள்ல ஏத்தினவரையோ?" என்றார் ராஜினி.

குகதாசனை அப்பா என்றும் நல்லதம்பியை ஐயா என்றும் கூப்பிடும் வினோஜா உள்ளிருந்தே குரல் கொடுத்தாள்: "அப்பாவும் நிக்கவேணும், ஐயாவும் நிக்கவேணும். இல்லாட்டி நானும் மேடைக்கு வரமாட்டன்."

சுஜிதன் சம்மதித்துவிட்டான். அவன் சொந்தக்காரரும் எங்கள் ஊரில் பாதிப்பேரும் அந்த வீட்டில் கை நனைக்கமாட்டோம் என்கிறார்கள். வள்ளியையும் தெய்வானையையும் இரு பக்கமும் வைத்து முருகனைத் தேரில் இழுப்பவர்கள் இவர்கள். கிளிநொச்சியில் இரண்டாம் வீடு வைத்திருக்கும் ஆம்பிளைகளின் வீட்டில் மூன்று பந்தி சாப்பிட்டவர்களும் இவர்கள்தான்.

பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுக்கும் சடங்கில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும், நாலு கைகள் சேர்ந்து தாரைவார்க்கும் செம்பைப் பிடிப்பதைப் பார்க்க நான் போகிறேன்.

யூன் 12, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. வளவிலேயே பந்தல். இருநூறு பேருக்குச் சமைக்கிறார்கள். வருவது எத்தனை பேர் என்று ராஜினிக்குத் தெரியாது. நீங்கள் வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். முதற் பந்தியிலேயே அமர்ந்து, இரண்டு சட்டியிலும் கறி கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.