மலைக்கு மேற்கே யாராவது இருக்கிறீர்களா?

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு தை மாதம். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் தேங்காயைக் காயவைக்கும் எங்கள் கொப்பரைக் களத்தில் உட்கார்ந்துகொண்டு, அமெரிக்காவில் கொட்டும் பனியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள், நிஜம்தான்!

என் மகளும் மருமகனும் அங்கே ஒரு பெரிய மலைக்குக் கிழக்கே இருந்தார்கள். மருமகனுக்கு வேலை மாற்றலாகி, மலையைத் தாண்டி மேற்கே உள்ள ஊருக்குக் காரிலேயே குடிபோக வேண்டும். மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். வழியில் பனி எப்படி இருக்குமோ என்று பார்க்க உட்கார்ந்தேன். அந்த மலையின் பெயரைப் போனில் தேடியபோது, பனிச்சறுக்கு விளையாடுகிறவர்களின் குழு ஒன்று அகப்பட்டது. தமிழில் மாற்றிக் காட்டும் வசதி இருந்ததால் படிக்க ஆரம்பித்தேன்.

அடேயப்பா, அது தனி உலகம்! பனிப்புயல் வருகிறதென்றால் நமக்குக் குலை நடுங்கும். இவர்கள் கல்யாண வீடு மாதிரி குதிக்கிறார்கள். ‘எங்கள் ஊரில் முழங்கால் வரை’ என்று ஒருவர் பீற்றிக்கொள்வார். ‘எங்களுக்கு வெறும் காற்றுதான்’ என்று இன்னொருவர் புலம்புவார். மாவு மாதிரி உதிரும் பனிதான் சறுக்க உசத்தியாம், ஈரப்பனி ஆகாதாம். சமையலைக்கூட மறந்துவிட்டு அதையே படித்தேன்.

படிக்கப் படிக்க ஒன்று பிடிபட்டது. பனி கொட்டுகிறதென்று எப்போதும் மேற்கே இருப்பவர்கள்தான் முதலில் எழுதினார்கள். எங்கள் பிழைப்பும் அதுதானே? கொப்பரை காயும்போது நாங்கள் தலைக்கு மேலே இருக்கும் வானத்தை நம்புவதில்லை. மேற்கே மீனாட்சிபுரத்துக்குப் போன் போட்டு, “ஏனுங்க, அங்க மழைங்களா?” என்று கேட்போம். அங்கே தூறல் என்றால், இங்கே வெயில் அடிக்கும்போதே தார்ப்பாயை இழுத்து மூடிவிடுவோம்.

அவர்கள் கிளம்ப வேண்டிய அன்று, இங்கே சாயங்காலம், மகள் கூப்பிட்டாள். அங்கே அப்போது காலை.

“அம்மா, சாமானெல்லாம் ஏத்தியாச்சு. இங்க நல்ல வெயில். மத்தியானத்துக்கு மேலதான் பனின்னு போன்ல காட்டுது. அதுக்குள்ள தாண்டிருவோம்.”

“கண்ணு, கொஞ்சம் பொறு. மேக்கால கேட்டுப்போட்டுச் சொல்றேன்.”

“கொப்பரைக்குக் கேக்கற மாதிரி அமெரிக்காவுக்கும் கேக்கறயா, அம்மணி?” என்று வீட்டுக்காரர் கிண்டலடித்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தமிழில் தட்டி, ஆங்கிலத்துக்கு மாற்றிக் குழுவில் எழுதினேன்: ‘மலைக்கு மேற்கே யாராவது இருக்கிறீர்களா? கர்ப்பிணியான என் மகள் இன்று மலையைத் தாண்டப் போகிறாள்.’ கொஞ்ச நேரத்தில் ஒருவரிடமிருந்து பதில் வந்தது: ‘இருங்கள், வெளியே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.’

பிறகு ஒரு படம் அனுப்பினார். வாசலில் நின்ற காரின் சக்கரங்கள் பனிக்குள் முழுக்கப் புதைந்திருந்தன. காற்று மலைப்பக்கமாக வீசுகிறது, இப்போது கிளம்ப வேண்டாம் என்றும் எழுதியிருந்தார்.

படத்தை உடனே மகளுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டாள். “சரிம்மா, நாங்க போகல” என்றாள்.

அன்றே மலைப்பாதையை மூடிவிட்டார்கள். கிளம்பிப் போன வண்டிகள் நடுவழியில் மாட்டிக்கொண்டு, மறுநாள்தான் அவற்றில் இருந்தவர்களை மீட்டார்களாம். “நல்ல வேளைங்க அத்தை, உங்க பேச்சைக் கேட்டோம்” என்று மருமகன் சொன்னார். நான் களத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். வீட்டுக்காரரும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பதில் எழுதியவர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. குழுவில் அவருடைய முகப்புப் படத்தில் குல்லாவும் பெரிய கண்ணாடியும்தான் இருந்தன. நன்றி சொன்னதற்கு, குழந்தை பிறந்ததும் சொல்லுங்கள் என்றார். சொன்னேன்.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தே பதில் போட்டிருக்கலாம். யாரோ பெற்ற பிள்ளைக்காக அந்தக் குளிரில் வெளியே இறங்கிப் போய்ப் பார்த்தாரே, பேத்தியைத் தூக்கும்போதெல்லாம் அந்த முகம் தெரியாத புண்ணியாத்மாவை நினைத்து என் மனசு கையெடுத்துக் கும்பிடுகிறது.