உட்காருவதா, அடங்குவதா

நின்றே வாழ்ந்த மனிதர் அவர். இஸ்திரிக்காரர் என்றால் தெரு முழுக்கத் தெரியும். பெயரைக் கேட்டால்தான் யோசிப்பார்கள். இருபத்தெட்டு வருடமாக மேசை முன்னால் நின்று, சாப்பாட்டைக்கூட நின்றபடியே முடித்துக்கொண்டு அடுத்த சட்டையை எடுத்துவிடுவார். பதினோரு மாதம் படுக்கையில் கிடந்த மனைவி போய்ச் சேர்ந்தபோதும் அவர் அழவில்லை. மூன்றாம் நாளே கடையைத் திறந்தார். கல்நெஞ்சுக்காரன் என்று சொந்தக்காரர்கள் காதுபடவே பேசினார்கள். நமக்குள்ளே ஏதாவது இருக்கிறதா, இல்லை எல்லாம் காலியா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அது அவரைக் குடைந்தது.

போதகரிடம் போய்க் கேட்டார். வேதத்தில் நாற்பத்தாறாம் சங்கீதத்தை மெதுவாகப் படியுங்கள், அது உங்களை உங்களுக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போகும் என்று சொல்லிவிட்டு, அவர் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

இவர் படித்தார். பூமி நிலை மாறுகிறது, மலைகள் கடலில் சாய்கின்றன, இத்தனை அமர்க்களத்துக்கும் பிறகு, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள் என்பதற்கு முன்னால் 'அமர்ந்திருந்து' என்று ஒரு வார்த்தை. அங்கேதான் மாட்டிக்கொண்டார். சரி, கர்த்தர் உட்காரச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, ஞாயிறு மதியம் கூடத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் தாங்கவில்லை. கால் தாளம் போட்டது. கண் திரைச்சீலையின் சுருக்கங்களை எண்ணியது. கர்த்தருக்குப் பதிலாக, திங்கள் காலைக்குள் தேய்த்துக் கொடுக்க வேண்டிய ஒரு வக்கீலின் கறுப்பு அங்கிதான் மனசுக்குள் வந்து நின்றது.

மச்சினன் ஆலயத்தில் பாடுகிறவன், வேதம் தெரிந்தவன். அவனைப் பிடித்துக் கேட்டார்.

"அது நாற்காலியில உட்கார்றது இல்ல மாமா. உள்ளுக்குள்ள அடங்குறது."

"அப்போ உட்காரணுமா, வேண்டாமா?"

"உட்கார்ந்தாலும் சரி, நின்னாலும் சரி."

"இருபத்தெட்டு வருஷமா நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன், என்ன அடங்குச்சு?"

தீர்த்து வைக்க வந்தவனும் சேர்ந்து குழம்பியதுதான் மிச்சம்.

வார்த்தையைத் தப்பாகப் படித்தவர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சரியாகப் படித்த மச்சினனைவிட இவர் அதிக தூரம் போனார் என்பேன். அடுத்த ஞாயிறும் விடாப்பிடியாக உட்கார்ந்தார். திரைச்சீலை, அங்கி எல்லாம் வந்து ஓய்ந்தன. அதற்கும் கீழே ஒன்று தட்டுப்பட்டது. துக்கம் என்றுதான் முதலில் நினைத்தார். துக்கமில்லை. இனி வெந்நீர் வைக்க வேண்டாம், முனகல் கேட்க வேண்டாம், படுக்கை விரிப்பை மாற்ற வேண்டாம் என்ற நிம்மதி. துக்கமும் அங்கேதான் கிடந்தது. இரண்டையும் பிரிக்க அவருக்குத் தெரியவில்லை. இதைக் காட்டியது கர்த்தரா, பிசாசா என்றும் விளங்கவில்லை.

தேநீர் கொண்டுவந்த மகள் அவர் முகத்தில் என்னத்தைக் கண்டாளோ, என்னப்பா என்றாள்.

"உங்கம்மா போனதுல எனக்கு நிம்மதியாவும் இருக்கும்மா," என்றார். "இது எவ்வளவு பெரிய பாவம்னு தெரியல."

மகள் தம்ளரைக் கீழே வைத்தாள். அவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"எனக்கும்தான்பா," என்றாள்.