மணிக்கட்டின் அளவு

தஞ்சோங் ரூவில் நான் வேலை பார்த்த படகுப் பட்டறையில், சனிக்கிழமை மதியம் டின்னின் அடியில் மிஞ்சிக் கிடக்கும் ரெசினை யாரும் சீண்ட மாட்டார்கள். கண்ணாடி நாரைப் பரப்பி, அதன்மேல் இந்தப் பிசினைப் பூசிப் பூசித்தான் படகின் உடம்பைச் செய்வோம். பார்க்கத் தேன்போல இருக்கும். நாற்றம் மட்டும் மூக்கைப் பிடுங்கும். ‘மருந்து’ என்று நாங்கள் சொல்லும் இன்னொரு திரவத்தை அதில் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினால் கொஞ்ச நேரத்தில் கூழாகி, பிறகு கல்லாகிவிடும். மிச்சத்தை நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் சீனர். “குடித்துத் தொலைக்காதே” என்று மலாயில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் அதில் நகை செய்தேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம், அப்போதும் சிரித்தார்கள்.

அறுபதுகளின் தொடக்கம். தேக்காவில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் ஏழு ஆண்கள் ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். ஏழு பேருக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. ஏழு மனைவிமாரும் கடலுக்கு அந்தப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் சினிமாவுக்கோ கோயிலுக்கோ கிளம்பிவிடுவார்கள். நான் பின்கட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். சோடா மூடி, சோப்புப் பெட்டி, பலகாரம் செய்யும் தகர அச்சு, எது அகப்பட்டாலும் அதில் மெழுகு தடவி ரெசினை ஊற்றுவேன். பூக்கடையில் மாலை கட்டி மிஞ்சிய ஜிகினா, பாசிமணி, ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் கழித்துப் போட்ட செம்புக் கம்பி எல்லாம் உள்ளே போகும். பதக்கம், ஊசி குத்திக்கொள்ளும் வில்லை, சட்டைப் பொத்தான் என்று செய்து தள்ளினேன். ஒருமுறை மல்லிகைப் பூவை வைத்து ஊற்றினேன். மறுநாள் பார்த்தால் குழம்பில் விழுந்த பூப்போலப் பழுப்பாகிக் கிடந்தது. ஈரமுள்ள எதையும் ரெசின் விட்டுவைக்காது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

கூடத்தில் எங்களில் மூத்தவர் நாகூர்க்காரர், துணி வியாபாரி. நானா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவர் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு, “தம்பி, இந்த நாத்தத்துல ஒரு நாள் எல்லாரும் மயங்கி விழப்போறோம் லா. போலீஸ் வந்து கேட்டா நகை செஞ்சான்னா சொல்றது?” என்பார். சொல்லிவிட்டு, தன் மனைவிக்கு ஒரு பதக்கம் வாங்கிக்கொண்டு போவார்.

தனியாக இருந்தேன் என்று எழுதினால், ஆறு பேர் குறட்டை விடும் கூடத்தில் என்ன தனிமை என்று கேட்பார்கள். கேட்பவர்கள் அப்படி ஒரு கூடத்தில் இருந்திருக்க மாட்டார்கள். என் மகளுக்கு ஒன்றரை வயது ஆனபோது கப்பல் ஏறியவன் நான். அடுத்த வருஷம் போகலாம், அதற்கடுத்த வருஷம் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். காரணம் கேட்டால் ஒவ்வொரு வருஷமும் ஒன்று வைத்திருந்தேன். உண்மை என்னவென்றால், போன பிறகு அவள் என்னைப் பார்த்து அழுதால் என்ன செய்வது என்று எனக்குப் பயம்.

என் மனைவிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முதலில் பக்கத்து வீட்டுக்காரர் எழுதித் தந்தார். மகள் இரண்டாம் வகுப்புக்குப் போனதும் அந்த வேலை அவளிடம் வந்தது. அம்மா சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள். என் கடிதம் வந்தால் அவள்தான் உரக்கப் படிப்பாள். மாதம் ஒரு கடிதம். ‘இங்கு யாவரும் நலம். தங்கள் நலமறிய ஆவல். பசு கன்று போட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.’ கோணல்மாணலாக இருந்த எழுத்து மாதத்துக்கு மாதம் நேராகிக்கொண்டு வந்தது. ஆனால் அத்தனையும் அவள் அம்மாவின் வார்த்தை. அந்தக் கையெழுத்தை முகர்ந்துகூடப் பார்த்திருக்கிறேன், சொல்ல வெட்கமில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அம்மா சொல்லிக் கொடுக்காமல் அவளாக எனக்கு ஒரே ஒரு வரி எழுத வேண்டும். திட்டி எழுதினாலும் பரவாயில்லை.

அவளுக்கு ஒன்பது வயது நடந்தபோது எனக்கு அந்த யோசனை வந்தது. வழக்கமான கடிதத்தோடு தனியாக ஒரு சின்னத் தாளை மடித்து வைத்தேன். ‘இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. உனக்கு ஒரு வளையல் செய்யப்போகிறேன். கையைச் சுற்றி நூலால் அளந்து, முடிச்சுப் போட்டு அனுப்பு. நமக்குள் ரகசியமாக இருக்கட்டும்.’ எழுதிவிட்டு எனக்கே குஷி தாங்கவில்லை. அவளும் நானும் மட்டும் அறிந்த ஒரு விஷயம் உலகத்தில் இருக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டு சிராங்கூன் சாலையில் சும்மா இரண்டு தடவை மேலும் கீழும் நடந்தேன்.

பதில் கடிதத்தில் வழக்கமான வரிகள்தான் இருந்தன. ஆனால் உள்ளே, முடிச்சுப் போட்ட ஒரு வெள்ளை நூல் வளையம். அதை என் இரண்டு விரலில் மாட்டிப் பார்த்தேன். இவ்வளவு சின்னக் கையா என்று கழற்றி மறுபடி மாட்டிப் பார்த்தேன்.

அந்த வளையலுக்கு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. நூலை எடுத்துக்கொண்டு, அந்த அளவுக்கு ஓர் அச்சைத் தேடித் தேக்கா முழுக்க அலைந்தேன். கடைசியில் ஒரு இருமல் மருந்துப் புட்டியின் வயிறு நூலுக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. வட்டமான சிகரெட் டப்பாவுக்கு நடுவில் புட்டியை நிறுத்தி, இரண்டுக்கும் இடையிலுள்ள சந்தில் ரெசினை ஊற்ற வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் சூடேறி வெடித்துவிடும். ஒரு ஞாயிறு ஒரு அடுக்கு, அடுத்த ஞாயிறு இன்னொரு அடுக்கு. உள்ளே என்ன வைப்பது என்று யோசித்தேன். பாசிர் ரிஸ் வரைக்கும் பஸ்ஸில் போய், கடற்கரையில் நகக்கண் அளவுச் சிப்பிகளாகப் பார்த்துப் பொறுக்கி வந்தேன். வழியில் சாகா மரத்தடியில் சிவப்பு விதைகள் கொட்டிக் கிடந்தன. நம்மூரில் ஆனைக்குண்டுமணி என்போமே, அதுதான். ஒரு சிப்பி, ஒரு விதை, நடுவில் துளி ஜிகினா என்று சுற்றிலும் வைத்தேன். முதல் வளையல் குமிழி விட்டுப் பாழாயிற்று. இரண்டாவது மழை நாளில் ஊற்றியதால் பிசுபிசுவென்றே இருந்தது. எரிச்சலில் தொட்டிச் சுவரில் அடித்து உடைத்தேன்.

மூன்றாவது தேறியது. டப்பாவைக் கத்தரித்து எடுத்து, புட்டியை உள்ளே தட்டி உடைத்து எடுத்து, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து இரண்டு வாரம் தேய்த்தேன். கடைசியில் படகுக்குப் போடும் மெழுகைப் போட்டு மெருகேற்றினேன். வெளிச்சத்தில் பிடித்தால் தேயிலைத் தண்ணீர் நிறத்துக்குள் சிப்பியும் சிவப்பு விதையும் மிதந்தன. நல்ல வேலை. இன்றைக்கும் சொல்வேன்.

ஊருக்குப் போகும் நானாவிடம், அவள் கையிலேயே ரகசியமாகச் சேர்க்கச் சொல்லிக் கொடுத்து அனுப்புவதற்கு முன்னால் கூடத்தில் எல்லாரிடமும் காட்டினேன். ஏழு தடியன்கள் சுற்றி உட்கார்ந்து ஒரு வளையலைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தோம். ஒருவன் ஜிகினா அதிகம் என்றான். ஒருவன் தன் மகளுக்கும் ஒன்று வேண்டும் என்றான். நூலை அதன் உட்புறம் வைத்து ஒட்டிக் காட்டினேன். மயிரிழை பிசகவில்லை. “அளவுன்னா இதுல்ல அளவு!” என்று நானா என் முதுகில் தட்டினார்.

அவர் போய் இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. இரண்டு கடிதங்கள். ஒன்றில் பசு, கன்று, நலம். மற்றொன்று நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள். மேலே ‘அன்புள்ள’வும் இல்லை, ‘அவர்களுக்கு’ம் இல்லை.

‘அப்பா, வளையல் கைக்குள்ள போகல. சோப்புப் போட்டேன், எண்ணெய் தடவினேன். கட்டைவிரல் கிட்ட நின்னுபோச்சு. ரொம்பத் தள்ளினேன், கை வீங்கிப்போச்சு. அம்மாகிட்ட கதவுல இடிச்சுக்கிட்டேன்னு பொய் சொன்னேன். வளையலுக்கு மணிக்கட்டுல அளவு எடுக்கக் கூடாதாம். விரலையெல்லாம் ஒண்ணா சேத்து, விரல் முட்டிமேல எடுக்கணுமாம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க. நான் சின்னப் பொண்ணு, எனக்குத் தெரியாது. உங்களுக்குமா தெரியாது? இனிமே நூல் அனுப்ப மாட்டேன். வேணும்னா நீங்களே வந்து அளவு எடுங்க.’

கட்டிலா இருந்தது, படுத்துக்கொள்ள? பாயில் உட்கார்ந்து அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் கேட்ட வரி கிடைத்துவிட்டது. ஒன்றுக்குப் பத்தாகக் கிடைத்தது. என் வளையலைப் போட்டுக்கொள்ள ஒரு குழந்தை கை வீங்கும்வரை தள்ளியிருக்கிறது. மகிழ்ச்சியா, வெட்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியாமல் அழுதேன். எங்கள் ஏழு பேர் வீட்டிலும் வளையல் போட்ட பெண்கள் இருந்தார்கள். கல்யாணத்தன்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள்தான் நாங்கள். ஒரு வளையல் எந்த வழியாகக் கைக்குள் போகிறது என்று ஏழு பேரில் ஒருவனுக்கும் ஞாபகம் வரவில்லை. எவ்வளவு காலமாக ஆண்களோடு மட்டுமே இருந்துவிட்டோம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அதன் பிறகு அந்தக் கூடத்தில் எனக்கு இருப்பே கொள்ளவில்லை.

நகை செய்வதை விட்டேன். மனைவியையும் மகளையும் இங்கே வரவழைக்க, கிடைத்த நேரத்திலெல்லாம் வீட்டுக்கு மனுப் போடவும், தாள்களைச் சரிசெய்யவும், தெரிந்தவர்களைப் பிடிக்கவும் அலைந்தேன். குவீன்ஸ்டவுனில் ஒரு அடுக்குமாடி வீடு கிடைத்து அவர்கள் கப்பலேற மேலும் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அதற்குள் அவள் தனியாக இன்னொரு கடிதம் எழுதவேயில்லை. நான் எத்தனையோ சின்னத் தாள்களை மடித்து வைத்தேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

துறைமுகத்தில் கூட்டம் இறங்கியபோது நான் பாவாடை கட்டிய சின்னப் பெண்களையே தேடிக்கொண்டு நின்றேன். முதலில் கண்ணில் பட்டது வளையல். தேயிலைத் தண்ணீர் நிறம், சிப்பி, சிவப்பு விதை. ஒரு பெண்ணின் இடுப்பில் செருகியிருந்தது. பெட்டிச் சாவிகளை அதில் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். நிமிர்ந்து பார்த்தால் என் மனைவி. பக்கத்தில் அவள் தோளுக்கு மேல் வளர்ந்த, தாவணி போடும் வயதை எட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் என்னை வேற்றாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. பெற்ற மகளை அடையாளம் காணும் முன்னால் வளையலை அடையாளம் கண்டவன் நான்.

“இது எப்படி உன்கிட்ட?” என்றேன் மனைவியிடம்.

“பெட்டிக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தா. கைக்கும் ஆகல, காலுக்கும் ஆகல. சாவிக்காவது ஆகட்டும்னு எடுத்துக்கிட்டேன்” என்றாள். மகள் அம்மாவை ஒரு முறை முறைத்தாள். அவ்வளவுதான்.

மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. அம்மா வழியாகத்தான் எல்லாம். ‘அவங்களுக்கு டீ வேணுமான்னு கேளும்மா.’ நான் இருக்கும் அறைக்குள் வந்தால் சுவரோரமாக நடப்பாள். தேக்கா கூடத்தில் இருந்ததைவிட அந்த மூன்று நாளும் நான் தனியாக இருந்தேன். அங்கே காத்திருக்கவாவது ஒன்று இருந்தது.

ஞாயிறு காலை. அவள் ஜன்னலோரம் நின்று, கீழே பந்து விளையாடும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் பெட்டியிலிருந்து கொஞ்சம் வெள்ளை நூலை அறுத்துக்கொண்டு அவள் அருகில் போனேன்.

“வந்து அளவு எடுக்கச் சொல்லியிருந்தே. நீதான் வந்திருக்கே. எடுக்கட்டுமா?”

அவள் திரும்பாமலே வலது கையை நீட்டினாள். ஒன்றரை வயதுக்குப் பிறகு அந்தக் கையை நான் தொடுவது அப்போதுதான். பதற்றத்தில் நூலை மணிக்கட்டிலேயே சுற்றப் போனேன். அவள் இடது கையால் என் விரல்களைப் பிடித்து மேலே நகர்த்தினாள். கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களைக் குவித்துக் கையைச் சின்னதாக்கிக் காட்டினாள். நூலை முட்டிகளின்மேல் சுற்றி, மயிரிழை பிசகாமல் இழுத்துப் பிடித்தேன்.

“இறுக்கிக் கட்டாதீங்கப்பா” என்றாள். “ஒரு விரல் விடுங்க. நான் இன்னும் வளருவேன்ல?”

நூலுக்கும் அவள் கைக்கும் நடுவில் என் சுண்டுவிரலை வைத்துக்கொண்டு முடிச்சுப் போட்டேன்.