மேற்படி எலி

என் மேசை இழுப்பறையில் ஓர் இங்க் ஃபில்லர் கிடக்கிறது. மெல்லிய கண்ணாடிக் குழாய், தலையில் ரப்பர் குமிழ். ரப்பர் காய்ந்து வெடித்துவிட்டது, அமுக்கினால் நொறுங்கும். பேனாவுக்கு மை ஊற்றும் வேலையே இந்த வீட்டில் இல்லாமல் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. நோன்புக்கு முன் வீடு ஒழிக்கும்போதெல்லாம் என் மருமகள் இதைக் கையில் எடுத்து, "இதையாவது தூக்கிப் போடலாமா மாமி?" என்று கேட்பாள். இதில் ஒரு சொட்டு மைகூட ஏறியதில்லை என்று சொன்னால் அவளுக்குச் சிரிப்பு வரும். இதில் ஏறியதெல்லாம் கேழ்வரகுக் கஞ்சிதான். ஊட்டியவர் என் மாமா. குடித்தது ஓர் எலி.

மாமா என் அம்மாவின் அண்ணன். கடலூரில் ஒரு சர்க்கார் ஆபீஸில் ரெக்கார்டு கீப்பர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டவர்களிடம், "ஆபீஸ்லயே கட்டு ஜாஸ்தி" என்பார். விட்டம் வரை அடுக்கியிருந்த அந்தக் காகிதக் கட்டுகளை எலியிடமிருந்து காப்பாற்றுவதுதான் அவருடைய பாதி உத்தியோகம். மரப்பொறி, இரும்புப்பொறி, மசால்வடை, வேப்பிலை, பாச்சை உருண்டை என்று எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு பூனையையும் கொண்டுவந்து வைத்திருந்தார். எலி என்ற பேச்சை எடுத்தாலே முகம் சிவந்துவிடும். இன்னொரு குணமும் உண்டு. எழுத்தில் தப்பு இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. எங்கள் வீட்டு மளிகைச் சிட்டையில் அம்மா துவரைக்குப் பதில் உளுந்து என்று எழுதியிருந்தால்கூட, சிவப்பு மையால் அடித்து, மேலே திருத்தி, ஓரத்தில் சின்னதாகக் கையெழுத்தும் போட்டுவிடுவார். அம்மாவுக்கு அது பற்றிக்கொண்டு வரும்.

நாங்கள் சிதம்பரத்தில் இருந்தோம். அத்தா, அதாவது என் அப்பா, சிங்கப்பூரில் ஒரு கடையில் வேலை பார்த்தார். அறுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு ஏழு வயதாக இருந்தபோது ஊருக்கு வந்தவர், ஓட்டை போட்ட பிஸ்கட் டின் ஒன்றில், வெள்ளைக்காரர்கள் ஆசைக்கு வளர்க்கிற எலி மாதிரியான ஒரு ஹாம்ஸ்டரைக் கொண்டுவந்தார். கடைக்கு வந்துபோய்க்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் ஊரைக் காலி செய்தபோது அவரிடம் கொடுத்துவிட்டுப் போனதாம். வால் இருக்கிற இடத்தில் ஒரு மொட்டு மட்டும். நிறமும் பிஸ்கட் நிறம், வந்ததும் பிஸ்கட் டின்னில், ஆகவே பிஸ்கோத்து என்று பெயர் வைத்தேன். அம்மா அதைக் கடைசிவரை எலி என்றே சொன்னாள். தொழுகைப் பாயை மட்டும் பேசாமல் அடுத்த அறைக்கு மாற்றிக்கொண்டாள். அத்தா திரும்பக் கப்பலேறப் புறப்பட்ட அன்று என் தலையைத் தடவி, "நா வர்ற வரைக்கும் இத பத்தரமா பாத்துக்கம்மா" என்றார். அழுகிற பிள்ளைக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்ன வார்த்தைதான். நான் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. இது இருக்கிற வரைக்கும்தான் அத்தா வருவார் என்று எனக்குள் முடிவு கட்டிக்கொண்டேன்.

இரண்டு வருடத்தில் வருகிறேன் என்றவர் பயணத்தை இரண்டு முறை தள்ளிப்போட்டார். எனக்குப் பத்து வயதானபோது பிஸ்கோத்து கிழமாகிவிட்டது. முதுகில் ரோமம் உதிர்ந்து ரோஜா நிறத்தில் தோல் தெரிந்தது. ஒரு கண் ஒட்டிக்கொண்டது. நடந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "அதுக்கு வயசாயிடுச்சும்மா. அல்லா நாடுனபடி ஆவட்டும்" என்றாள் அம்மா. எனக்கு அம்மா மேல் வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. சனிக்கிழமை பாசஞ்சரில் வழக்கம்போல மாமா வந்தார். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள், "இது செத்துப்போச்சுன்னா அத்தா வர மாட்டாங்க மாமா" என்று சொல்லி அழுதேன்.

அப்படியெல்லாம் இல்லை என்று அவர் சமாதானம் சொல்லவில்லை. அதுவரை அந்த டின் பக்கமே போகாதவர், அதன் முன்னால் குந்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடப் பகையாளியை அவ்வளவு கிட்டத்தில் அவர் உயிரோடு பார்த்திருக்கமாட்டார். பிறகு, "ஒங்க அத்தா கப்பல் எப்ப?" என்று கேட்டார். மழை மாதத்தில் என்றேன். இன்னும் மூன்று மாதம் இருந்தது. "கடலூர்ல மாட்டாஸ்பத்திரி இருக்குது. நா கொண்டுபோறேன்" என்று டின்னைத் தூக்கித் துண்டில் சுற்றிக்கொண்டார். மாட்டு டாக்டர் சிரித்தாராம். எலிக்கு வைத்தியம் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான், இது சாகிற வயது என்றாராம். அதற்கு மாமா சொன்ன பதிலை அம்மா பல காலம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்: "சாவட்டும் சார், நா வேணான்னு சொல்லல. கப்பல் வந்த பொறவு சாவட்டும்."

எலியை அலைக்கழிக்கக் கூடாதென்று மாமா சனிக்கிழமை வருவதைக் கொஞ்ச நாள் நிறுத்திக்கொண்டார்; பதிலுக்குத் தபால் கார்டுகள் வரத் தொடங்கின. இரண்டு நாளைக்கு ஒன்று, என் பெயருக்கு, ஆபீஸ் தமிழில். "மேற்படி எலி நலம். நேற்று வைத்த பொட்டுக்கடலை, கம்பு, கேரட் துண்டு யாவும் இன்று காலை தட்டில் இல்லை. நன்கு உட்கொள்கிறது." ஆறு கார்டுகளிலும் ஏறக்குறைய இதே வாசகம். நான் அவற்றைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

காலாண்டுப் பரீட்சை முடிந்து லீவு விட்டதும் அம்மா என்னைக் கடலூரில் கொண்டுபோய் விட்டாள். டின்னைத் திறந்து பிஸ்கோத்தைக் கையில் எடுத்தேன். கனமே இல்லை. தோலுக்குள் எலும்பு நெருடியது. "மாமா, இது எளச்சுப் போச்சே" என்றேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. காலித் தட்டை எடுத்துக் காட்டினார். "பாரு, ஒரு பருக்க மிச்சம் வச்சிருக்கா? தெனம் இப்படித்தான் தொடச்சு வைக்குது."

"அது திங்காது மாமா. வாயில அடக்கிட்டுப் போயி உள்ள சேத்து வச்சுக்கும்."

"இத ஏன் புள்ள நீ மொதல்லயே சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

மாமா டின்னின் மூலையில் பழந்துணியும் காகிதமுமாகக் கிடந்த கூட்டைப் பிரித்தார். உள்ளே எல்லாம் இருந்தது. பொட்டுக்கடலை, கம்பு, வேர்க்கடலை, சுருங்கிக் கறுத்த கேரட் துண்டுகள். தரையில் ஒரு காகிதத்தை விரித்து அவற்றை ரகம் ரகமாகப் பிரித்து வைத்தார். அவர் வைத்ததில் அநேகமாக எதுவும் குறையவில்லை. இத்தனை நாளும் பசியோடு தீனிக் குவியலின் மேல் அது படுத்துக் கிடந்திருக்கிறது. துண்டால் அதைப் பிடித்து, விரல் நகத்தால் உதட்டை விலக்கிப் பார்த்தார். கீழ்ப்பல் இரண்டும் வெட்டாத நகம்போல மஞ்சளாக வளர்ந்து வளைந்து மேல் ஈறைக் குத்திக்கொண்டிருந்தன. "இருவது வருஷமா எலி கடிச்ச காயிதத்தப் பாத்துட்டிருக்கேன். எலிப் பல்ல ஒருநாளும் பாத்ததில்ல புள்ள" என்றார். அவர் குரல் இறங்கி நான் கேட்டது அன்றுதான்.

மாட்டாஸ்பத்திரியில் இருந்த சாமான்கள் எல்லாம் மாட்டுக்கானவை. ஆகவே அடுத்த தெருப் பத்தரிடம் போனோம். நகை செய்கிற பத்தர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எங்களை ஒருமுறையும் எலியை ஒருமுறையும் பார்த்தார். "மூக்குத்தித் திருகு வெட்டற மாதிரிதான். கெட்டியா புடிச்சுக்குங்க, ஆட்டுனா பொறுப்பு இல்ல" என்றார். மாமா இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். டிக் டிக் என்று இரண்டு சத்தம். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் மாமா முதல் வேலையாக ஒரு கார்டை எடுத்து எழுத உட்கார்ந்தார். நான்தான் எதிரிலேயே இருக்கிறேனே, யாருக்கு என்று கேட்டேன். சிதம்பரத்துக்கு, என் பெயருக்கே என்றார். "இதற்கு முன் எழுதிய ஆறு கார்டுகளிலும் மேற்படி எலி நன்கு உட்கொள்கிறது என்று எழுதியது தவறு. உட்கொள்ளவில்லை என்று திருத்திப் படிக்கவும்." அந்தக் கார்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓரத்தில் சிவப்பு மையில் கையெழுத்து.

அன்று மாலையே கடைக்குப் போய் ஒரு புது ஃபில்லர் வாங்கிவந்து வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்தார். பல் சரியானாலும் அதற்குக் கொறிக்கத் தெம்பில்லை. கேழ்வரகை ஊறவைத்து அரைத்து, துணியில் வடிகட்டி, நீர்க்கக் காய்ச்சி, ஒவ்வொரு சொட்டாகக் கடைவாயில் விட்டார். முதல் இரண்டு நாள் பாதி மார்பில் வழிந்தது. மூன்றாம் நாள் முன்னங்கால் இரண்டாலும் கண்ணாடிக் குழாயைப் பிடித்துக்கொண்டு குடித்தது. பிள்ளை பால் குடிக்கிற மாதிரி இருக்கிறது என்றேன். "வர்ணிக்காத, அளவப் பாரு" என்றார். ஒரு நாளைக்கு நான்கு வேளை. நடுவில் இரண்டு வேளை ஆபீஸ் நேரத்தில் வந்ததால் எலியும் ஆபீஸ் போனது. எலியைப் பிடிக்க அவரே கொண்டுவந்த பூனை அந்த மேசையையே சுற்றிவர, டின்னை இழுப்பறைக்குள் வைத்து முழங்காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டு வேலை பார்த்தார். ஒருநாள் அதிகாரி அந்தப் பக்கம் வந்தபோது உள்ளே சுரண்டும் சத்தம் கேட்டதாம். "என்னய்யா அது?" என்றிருக்கிறார். "எலி சார்." "புடிச்சாச்சா?" "புடிச்சாச்சு சார்." இதில் எந்த வார்த்தை பொய் என்று மாமா எங்களையே திருப்பிக் கேட்பார்.

மழை தொடங்கியது. கடல் கொந்தளிப்பால் கப்பல் மூன்று வாரம் தள்ளிப் போகிறது என்று அத்தாவிடமிருந்து கடிதம் வந்தது. நான் சிதம்பரத்துக்குத் திரும்பியிருந்தேன். அதைப் படித்துவிட்டு அம்மா, "எலி அது வரைக்கும் தாங்குமாம்மா?" என்று கேட்டாள். அம்மாவும் அந்த எலியை எண்ணித்தான் நாளைத் தள்ளிக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மாமாவுக்கு எழுதினோம். பதிலில் ஒரே வரி: "மூன்று வாரம்தானே, பார்த்துக்கொள்ளலாம்." பிஸ்கோத்துக்கு இரண்டு கண்ணும் போயிருந்தது. பின்னங்கால்கள் விளங்கவில்லை. தன்மேலேயே ஈரம் செய்துகொண்டு கிடந்ததை வேளாவேளைக்குப் பஞ்சால் துடைத்தார். குளிருக்கு அடக்கமாக, காலி இங்க் புட்டியில் வெந்நீர் ஊற்றி மூடி, பழைய பனியனில் சுற்றி அதன் வயிற்றோடு அணைத்து வைத்தார். சனிக்கிழமைகளில் டின்னோடு வருவார், ஞாயிறு மாலை டின்னோடு போவார். ரயிலில் யாராவது கேட்டால், "ஒடம்பு சரியில்லாத பிராணி" என்று மட்டும் சொல்வார். எலி என்று சொன்னால் இறங்கச் சொல்லிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

கடைசியில் கப்பல் வந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை ஒட்டாது. தூரத்திலேயே நின்றுவிடும், ஆட்கள் படகில் வந்து இறங்குவார்கள். அத்தாவை அழைத்துவர மாமா லீவு போட்டுவிட்டுப் போனார். போகும்முன் டின்னையும் ஃபில்லரையும் என்னிடம் ஒப்படைத்து, எத்தனை சொட்டு, எந்தப் பக்கத்துக் கடைவாய் என்று இரண்டு தரம் சொல்லிக் காட்டினார். அன்று நான் கதவுக்கும் டின்னுக்கும் நடுவில் எத்தனை முறை நடந்தேனோ! பிற்பகலில் ஜட்கா வண்டி வந்து நின்றது. அத்தா இறங்கினார். மெலிந்து, கறுத்து, நான் நினைத்து வைத்திருந்ததைவிடக் குள்ளமாக இருந்தார். வாசற்படி ஏறி உள்ளே வந்தவர், தோளில் இருந்த பையைக்கூட இறக்காமல், "எலி எங்கம்மா? இருக்குதா?" என்று கேட்டார்.

அந்த நிமிடத்தில் எனக்கிருந்த சந்தோஷத்துக்கு ஈடாக, பிறகு வந்த கல்யாணத்தையும் பிள்ளைப்பேற்றையும்கூட என்னால் சொல்ல முடியாது. ஓடிப்போய் எடுத்துவந்து அத்தாவின் உள்ளங்கையில் வைத்தேன். கண் தெரியாத பிஸ்கோத்து மூக்கைத் தூக்கி அவர் விரலை முகர்ந்தது. பின்னால் பெட்டியோடு நின்ற மாமா என்னைப் பார்த்து, "படகுலருந்து எறங்குனதும் ஒங்க அத்தா மொதல்ல கேட்டது இதத்தான் புள்ள" என்றார். நான்காம் நாள், பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்கிற நேரத்தில், வெந்நீர்ப் புட்டியில் முகம் வைத்தபடி அது அடங்கியது. மாமா சனிக்கிழமை வந்து, கொல்லையில் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் அதைப் புதைத்திருந்த இடத்து மண்ணை மிதித்துச் சமன் செய்துவிட்டு, ஃபில்லரைக் கழுவித் துடைத்து என்னிடம் கொடுத்தார். நான் அழவில்லை. அத்தாதான் வந்துவிட்டாரே.

பல வருடம் கழித்து, அத்தா வேலையை விட்டு ஊரோடு வந்து முதுமையடைந்திருந்த காலத்தில், என் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே நுழைந்ததும் எலியைத்தான் கேட்டார் என்ற இடம் வந்ததும் சாய்வுநாற்காலியில் இருந்த அத்தா சிரித்துவிட்டார். "எனக்கு ஏதும்மா ஞாபகம்? எந்த எலின்னே தெரியல. மாயவரம் வர்ற வரைக்கும் ஒங்க மாமா வேற பேச்சே பேசல. உள்ள நொழஞ்சதும், மூட்டைய எறக்குறதுக்கு முன்னாடி, எலி எங்கன்னு கேளுங்க மச்சான், வேற எதுவும் பேசிடாதீங்கன்னு சொன்னாரு. மூணு தரம் என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கிட்டாரு."

எனக்கு அத்தா மேல் வருத்தம் வரவில்லை. தூர தேசத்தில் பிழைக்கிற மனிதருக்கு ஓர் எலி எப்படி நினைவிருக்கும்? அடுத்த வாரமே பஸ் ஏறிக் கடலூருக்குப் போனேன். மாமா ரிட்டயராகி, அதே வீட்டில், அதே ஒற்றைக் கட்டிலில் இருந்தார். அத்தா சொன்னதைச் சொல்லி, நிஜமா மாமா என்று கேட்டேன். படித்துக்கொண்டிருந்த பேப்பரிலிருந்து அவர் நிமிரவே இல்லை. "அதெல்லாம் கெடு முடிஞ்ச ரெக்கார்டு. எப்பவோ எரிச்சாச்சு" என்றார். பக்கத்தைத் திருப்பிவிட்டு, "அந்த ஃபில்லர் இருக்குதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "ஒடயாம வச்சுக்க" என்றார்.

மாமா இப்போது இல்லை. இழுப்பறையைத் திறந்து ஃபில்லரை எடுக்கும்போது அதன் அடியில் உள்ள கார்டையும் எடுத்துப் பார்ப்பேன். தட்டு காலியானதைப் பார்த்து நம்பி எழுதிய தப்புக்கே தபாலில் திருத்தம் அனுப்பிய மனுஷர், தெரிந்தே சொன்ன அந்த ஒரு பொய்யைச் சாகிறவரை திருத்தவில்லை. போன நோன்புக்கு என் பேத்தி இந்தக் கண்ணாடிக் குழாயை எடுத்துவைத்துக்கொண்டு இது என்ன என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். படகிலிருந்து இறங்கியதும் என் அத்தா முதலில் கேட்டது எலியைத்தான் என்றும் சொன்னேன்.