வாடை அடித்த நாள்

நேற்று அலுவலகத்தில் டீ குடிக்கிற பத்து நிமிஷத்தில் ஒரு விளையாட்டு. ஐம்புலன்களில் ஒன்றைக் கட்டாயம் விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் எதைக் கொடுப்பாய்? கண்ணைத் தரமாட்டேன், காதைத் தரமாட்டேன் என்று ஆளாளுக்கு இறுக்கிப் பிடித்துக்கொண்டவர்கள், மூக்கை மட்டும் பழைய செய்தித்தாளை எடைக்குப் போடுகிற மாதிரி தூக்கிப் போட்டுவிட்டார்கள். "அதுல என்ன இருக்கு? சளி பிடிச்சா போறதுதானே" என்றான் ஒருவன். எனக்கு வந்த கோபத்தில் டீ ஆறிப்போனது. மூக்கு இல்லாமல் ஐந்து மாதம் வாழ்ந்தவள் நான். அதுவும், மூக்குக்காகவே என்னை வேலைக்கு வைத்திருந்த இடத்தில்.

தூத்துக்குடியில் இறால் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனி அது. விலங்கியல் படித்து முடித்த கையோடு நாசரேத்திலிருந்து தினமும் பஸ் ஏறிப் போவேன். வேலை என்னவென்று சொன்னால் சிரிப்பீர்கள்: மோந்து பார்ப்பது. பெட்டி பெட்டியாக ஐஸில் வரும் இறாலில் ஒரு கைப்பிடி எடுத்து, தலையைத் திருகி, மூக்கருகே கொண்டுபோக வேண்டும். நல்ல இறாலில் கடல் வாசம்தான் இருக்கும். கெடத் தொடங்கியதில் மூக்கு நுனியில் ஊசி மாதிரி ஒன்று குத்தும். படிவத்தில் 'மணம்' என்று ஒரு கட்டம். அதில் நான் எழுதுவதுதான் தீர்ப்பு. இருபத்து மூன்று வயதில் அவ்வளவு அதிகாரம் யாருக்குக் கிடைக்கும்? வீட்டில் ரசத்துக்குக்கூட மோந்து மோந்து மார்க் போட்டுக்கொண்டு திரிந்தேன். அம்மா கரண்டியைக் காட்டுவாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் ரோஸ்லின். திரேஸ்புரத்துக்காரி, என் வயசு. பெட்டிகளை எண்ணி உள்ளே அனுப்புகிற பொறுப்பு அவளுக்கு. மூடியை முழுதாகத் திறக்குமுன்பே, "ஏளா, அது முந்தாநேத்துப் பிடிச்ச றாலு" என்பாள். சரியாகவும் இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

அப்போதுதான், ஊரையே ஒரு சுற்று சுற்றிய அந்தக் காய்ச்சல் எனக்கும் வந்தது. போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போயிற்று. உடன்குடிக் கருப்பட்டி போட்ட காப்பி, இனிப்பான வெறும் சுடுதண்ணீர் ஆனது. பால் அடிப்பிடித்துக் கருகுவதை, அடுப்புக்கு முன்னாலேயே நின்றுகொண்டு அறியாமல் இருந்தேன். என்மேல் வியர்வை நாறுமோ என்று பயந்து மூன்று வேளை குளித்தேன். கம்பெனியில் மட்டும் மூச்சுவிடவில்லை. இன்னும் ஒரே மாதத்தில் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள். மூக்கில்லாதவளை எந்த மேஜையில் நிரந்தரமாக்குவார்கள்?

ஆகவே நடித்தேன். திருகுவேன், முகர்வேன், கண்ணை லேசாக மூடுவேன் (அது என் சொந்தச் சேர்க்கை). பிறகு இறாலின் நிறத்தையும் ரோஸ்லின் முகத்தையும் பார்த்து எழுதுவேன். பதினைந்து நாள் இப்படியே ஓடியது.

பதினாறாம் நாள், ஒரு மார்கழிக் காலை. அந்தோணி அண்ணாச்சி தன் படகில் பிடித்த இறாலை ஐந்து பெட்டி கொண்டுவந்திருந்தார். தலையில் துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டியிருந்தார். ரோஸ்லின் உள்ளே போயிருந்தாள். பார்த்து எழுத முகம் இல்லை. ஓர் இறாலை மூக்கருகே வைத்துக்கொண்டு நான் முழித்தபோது, அண்ணாச்சி வேன் டிரைவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

"என்னா வாடை அடிக்குலே! தாங்க முடியல."

எனக்கு வானத்திலிருந்து உத்தரவு வந்த மாதிரி இருந்தது. கொண்டுவந்தவரே சொல்கிறாரே! 'கெட்ட வாடை' என்று எழுதி, ஐந்து பெட்டியையும் திருப்பி அனுப்பக் கையெழுத்துப் போட்டேன். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். படித்த பிள்ளை எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார். பெட்டிகளைத் தானே தூக்கி வேனில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்.

ரோஸ்லின் வந்தாள். மேஜையில் கிடந்த இறாலை எடுத்து முகர்ந்தாள்.

"ஏளா, இது நல்ல றாலுல்லா! உனக்கு மூக்கு இருக்கா, இல்லியா?"

வழக்கமான ஏச்சுதான். சிரித்திருந்தால் தப்பித்திருப்பேன்.

"இல்ல" என்றேன்.

அவளுக்கு வந்த சிரிப்பு பாதியில் நின்றது. "வாடை அடிக்குன்னு அவரே சொன்னாரே" என்று அழுதேன். தலையில் அடித்துக்கொண்டாள். "வாடைன்னா காத்துளா! வடக்கேருந்து அடிக்கிற காத்து!"

பள்ளிக்கூடத்தில் வாடைக்காற்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதி மார்க் வாங்கியவள்தான் நான். ஆனாலும் எங்கள் ஊரில் வாடை என்றால் மூக்கைப் பொத்துவோம். கடற்கரையில் காதைப் பொத்துகிறார்கள். அண்ணாச்சியின் துண்டு அதற்குத்தான்.

"நீ பேசாம இரி. இனிமே நா மோந்து சொல்லுதேன், நீ எழுது. ஒருத்தருக்கும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே கேட்டுக்கு ஓடி வேனை மறித்தாள் ரோஸ்லின். அண்ணாச்சி துண்டை அவிழ்த்தபடி திரும்பி வந்தார். "நா காத்தச் சொன்னேன் பிள்ள. நீ அத என் றாலு தலையில எழுதிட்டியே!" என்று சிரித்தார். சிரிப்பு சரியாகத்தான் இருந்தது. பெட்டிகளை இறக்குமுன் மட்டும், ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து, தானே ஒருமுறை மோந்து பார்த்துக்கொண்டார்.

எழுதியதை அடித்தால் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். ரோஸ்லின் சொன்ன வழி எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா! ஆனால் அவர் அப்படி மோந்து பார்த்ததைக் கண்ட பிறகு வேறு காரணம் எதுவும் எழுத வரவில்லை. மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

"எத்தனை நாளா?"

"பதினாறு நாளா, சார்."

நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். அந்த நாட்களின் சரக்கு முழுவதையும் மறுபடி சோதித்தார்கள். ரோஸ்லினின் முகம் ஒரு நாள்கூடத் தப்பாகச் சொல்லியிருக்கவில்லை. என் வேலை நிரந்தரமாகவில்லை. மூன்று மாதம் காகிதங்களோடு உட்கார வைத்துவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு முதலில் திரும்பி வந்த வாசம் எது தெரியுமா? மல்லிகையா, மண்வாசனையா? சாக்கடை! பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சாக்கடை. நின்று நிதானமாக இழுத்து இழுத்து முகர்ந்தேன். பெட்டிக்கடைக்காரர், "என்னம்மா, எதையாவது தொலச்சிட்டியா?" என்றார். "கெடச்சிட்டு அண்ணாச்சி" என்றேன்.

பிறகு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. காப்பி வந்தது, சோப்பு வந்தது, அம்மாவின் ரசம் வந்தது. ஒன்று மட்டும் வரவில்லை. கம்பெனியில் மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது ரோஸ்லின் மேல் ஒரு வாசம் வரும். இறால், பவுடர், முந்தின நாள் பிச்சிப்பூ என்று பட்டியல் போட முடிகிறது. மூன்றும் சேர்ந்து அவளாகிற இடம்தான் நினைவுக்குள் வரமாட்டேன் என்கிறது. எனக்கு மூக்கு திரும்புவதற்குள் அவள் கல்யாணமாகிக் குவைத்துக்குப் போய்விட்டாள். முகம் போனில் இருக்கிறது. குரலும் இருக்கிறது, 'ஏளா' என்று தொடங்கும் எத்தனையோ செய்திகளாக. வாசத்தை எதில் சேமிப்பது?

நேற்று சாயங்காலம் போனில் அவளிடமே கேட்டேன். "உன் மேல என்ன வாசம்ளா அடிக்கும்?"

"கோட்டி பிடிச்சிட்டா உனக்கு? றாலு நாத்தம்தான். இப்ப அதுவும் கெடையாது. இங்கன றாலே உரிச்சு, கழுவி, பாக்கெட்டுலல்லா வருது" என்றாள்.

பிறகு மூச்சை இழுத்து இழுத்து விடுகிற சத்தம் கேட்டது. தன் கையைத் தானே முகர்ந்து பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"ஆமாளா" என்றாள். "ஒண்ணுமே இல்ல."